ஒரு தோளில் பை, படியில் தடுமாற்றம்: என்ன செய்யலாம்?

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, எடை 42 கிலோ. புத்தகப்பையை எடை போட்டுப் பார்த்தேன், 7 கிலோ இருக்கிறது. எத்தனை தடவை சொன்னாலும் வலது தோளில் மட்டும்தான் மாட்டுகிறான். நடக்கும்போது உடம்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது. போன மாதம் படி இறங்கும்போது இரண்டு தடவை தடுமாறிவிட்டான். முதுகெலும்பு வளைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. குறுக்காக மாட்டும் பை வாங்கினால் சரியாகுமா?

பதில்: முதுகெலும்பு பற்றிய பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். ஸ்கோலியோசிஸ் எனப்படும் நிரந்தர வளைவு பை சுமப்பதால் வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. நீங்கள் பார்க்கும் சாய்வு பாரத்துக்கு உடம்பு ஈடுகொடுப்பதால் வருவது. பையை இறக்கினால் பொதுவாக அதுவும் போய்விடும். தடுமாற்றத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

நடப்பது என்றால் மாறி மாறி ஒற்றைக்காலில் நிற்பதுதான். இரண்டு பாதமும் சேர்ந்து தரையில் இருப்பது, இயல்பான நடையில் சுமார் 20 சதவீத நேரம்தான். மற்ற நேரமெல்லாம் ஒரு கால்தான் முழு உடம்பையும் தாங்குகிறது. உங்கள் மகன் இடது காலில் நிற்கும் அந்தக் கணத்தைப் பாருங்கள். பை வலது தோளில், தாங்கும் காலிலிருந்து தள்ளி, தொங்குகிறது. இடுப்பு வலப்பக்கம் சரியாமல் இருக்க, இடது இடுப்பின் பக்கவாட்டுத் தசை வழக்கத்தைவிடப் பலமாக இழுக்க வேண்டும். அது சிரமம் என்பதால் உடம்பு இடப்பக்கம் சாய்ந்துகொள்கிறது. அடுத்த அடியில் வலது காலில் நிற்கும்போது பை அந்தக் காலுக்குக் கிட்டேயே இருக்கிறது, அவ்வளவு சிரமம் இல்லை. ஆக, ஒவ்வோர் அடிக்கும் கணக்கு மாறுகிறது. கூடவே, பை நழுவாமல் இருக்க வலது தோளைத் தூக்கி வைத்து, கையால் வாரையும் பிடித்துக்கொள்கிறான். நடையைச் சமன்செய்யும் கைவீச்சும் பாதி போய்விடுகிறது.

படி இறங்கும்போது இது இன்னும் கடினம். மடங்கிய ஒரே முழங்காலை நம்பி உடம்பை மெல்லக் கீழே இறக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தொங்கும் பை முன்னால் வந்து ஆடினால், காலை எடுத்து வைக்கும் இடம் கொஞ்சம் பிசகும். வயதும் சேர்ந்துகொள்கிறது. 13, 14 வயதில் பல பையன்களுக்குக் கைகாலெல்லாம் மளமளவென்று நீளும், புது நீளத்துக்கு மூளை பழகச் சிறிது காலம் ஆகும். ‘கவனமே இல்லை’ என்று அவனைத் திட்டாதீர்கள்.

இரண்டு தோளிலும் மாட்டினால் பக்கவாட்டுச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனால் பாரம் பின்னால் இழுக்கும். பையின் நடுப்பகுதி உடம்பின் மையத்திலிருந்து 20 செ.மீ. பின்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவன் எடைக்கும் பையின் எடைக்கும் கணக்குப் போட்டால், மொத்தப் பாரத்தின் மையம் ஏறக்குறைய 3 செ.மீ. பின்னால் நகர்கிறது. கணுக்காலுக்குப் பின்னால் நம்மைத் தாங்கக் குதிகால் மட்டும்தானே இருக்கிறது? அதனால்தான் பிள்ளைகள் முன்பக்கம் குனிந்து, தலையை நீட்டி, சின்னச் சின்ன அடியாக நடக்கிறார்கள். இந்த இழுப்பைக் குறைக்க எளிய வழி, பையை முதுகோடு ஒட்டவைப்பது. கனமான புத்தகங்களை முதுகை ஒட்டிய அறையில் வையுங்கள். பையின் அடிப்பாகம் இடுப்புக்குக் கீழே 10 செ.மீ.க்கு மேல் தொங்காதபடி வாரை இழுத்துக் கட்டுங்கள். ஸ்டைலுக்காக வாரைத் தளர்த்தித் தொங்கவிடும் பழக்கம் சிரமத்தைக் கூட்டும். நெஞ்சுப் பட்டை இருந்தால் மாட்டச் சொல்லுங்கள், பை ஆடாது.

அப்புறம் எடை. உடல் எடையில் 10 முதல் 15 சதவீதம்வரை என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. உங்கள் மகனுக்கு 4.2 முதல் 6.3 கிலோ. இப்போது சுமப்பது கிட்டத்தட்ட 17 சதவீதம். ஒரு லிட்டர் தண்ணீரே ஒரு கிலோ. போன இடத்தில் நிரப்பிக்கொள்ள முடிந்தால் பாட்டிலைக் காலியாகக் கொடுத்தனுப்புங்கள். அன்றைக்குத் தேவையில்லாத நோட்டுகளை இரவே அவனையே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

குறுக்காக மாட்டும் பை நழுவாது, அந்த ஒரு நன்மை உண்டு. ஆனாலும் பாரம் ஒரு பக்கத்தில்தான் தொங்கும். 7 கிலோவுக்கு அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பையை முன்பக்கம் மாட்டினால் உடம்பு நிமிர்ந்திருக்கும், ஆனால் கீழே படி தெரியாது. சக்கரப் பை சமதளத்துக்குச் சரி, மாடிப்படியில் அதையும் ஒரு கையில்தான் தூக்க வேண்டும்.

இந்த வயதுப் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்ப்பதைவிடக் காட்டிவிடுவது நல்லது. அவன் பத்து மீட்டர் நடப்பதைப் பின்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் செல்போனில் எடுங்கள். பை இல்லாமல், ஒரு தோளில், இரு தோளில் என மூன்று முறை. தோள் உயரமும் காதின் இடமும் மாறுவதை அவனே பார்க்கட்டும். படியில் மட்டுமாவது இரண்டு வாரையும் மாட்டுவது, ஒரு கையால் கைப்பிடியைப் பிடிப்பது, போனைப் பையில் போடுவது என்று பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். மூன்றில் போன் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பை இல்லாதபோதும் தடுமாறினாலோ, கை மரத்துப்போனாலோ, விரல்களில் சுருக்கென்று குத்தினாலோ, முதுகுவலி இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். சட்டையைக் கழற்றி முன்பக்கம் குனியச் சொல்லுங்கள். முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் எலும்பு டாக்டரைப் பாருங்கள். அதற்குப் பை காரணமாக இருக்காது, ஆனால் வளரும் வயதில் சீக்கிரம் கண்டுபிடித்தால் சிகிச்சைக்கு வழி அதிகம்.