வாசகர் கேள்விகள்: கிராமத்தை வரைந்த லாடா

சென்ற இதழ் அட்டையில் செக் ஓவியர் லாடா வரைந்த பனி மூடிய கிராமப் படத்தைப் பார்த்துவிட்டுப் பலர் எழுதியிருக்கிறார்கள். சில கேள்விகளும் பதில்களும் இங்கே.

யார் இந்த லாடா? எந்த ஊர்க்காரர்?
(வாசகர், சேலம்)

யோசெஃப் லாடா 1887 டிசம்பர் 17 அன்று, செக் தலைநகர் பிராகுக்குத் தென்கிழக்கே உள்ள ஹ்ருசிட்சே கிராமத்தில் பிறந்தார். அப்பா செருப்புத் தைப்பவர். கைக்குழந்தையாக இருந்தபோது அப்பாவின் தோல் வெட்டும் கத்தி மேல் விழுந்ததில் ஒரு கண் போயிற்று. பிராகுக்கு வந்து புத்தக பைண்டிங் கற்றார். ஓவியப் பள்ளியில் இருந்தது கொஞ்ச காலம்தான். மற்றதெல்லாம் சொந்த முயற்சி. நகைச்சுவைப் பத்திரிகைகளுக்குப் படம் போட்டுப் பிழைத்தார். 1945 பிப்ரவரி 14 அன்று பிராக் மீது நடந்த குண்டுவீச்சில் மகள் ஏவா இறந்தார். 1947இல் அரசு ‘தேசியக் கலைஞர்’ பட்டம் தந்தது. 1957 டிசம்பர் 14 அன்று மறைந்தார். ஹ்ருசிட்சேயில் அவர் வீடு இப்போது அருங்காட்சியகம்.

படங்கள் தட்டையாக இருப்பதற்கு ஒற்றைக் கண்தான் காரணமா?
(வாசகி, கும்பகோணம்)

அப்படிச் சொல்பவர்கள் உண்டு. ஒற்றைக் கண் பார்வையில் ஆழம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் அதைவிட வலுவான காரணம் அச்சகம். அந்தக் காலத்துப் பத்திரிகையில் கோட்டுப் படத்தை பிளாக், அதாவது உலோக அச்சுத் தகடு, செய்து அச்சடித்தார்கள். பிளாக்கில் மை படும், இல்லையென்றால் படாது. நடுவில் சாம்பல் நிறம் கிடையாது. மெல்லிய கோடு மட்டமான தாளில் விட்டுப்போகும். அதனால் கோடு தடிமனாக, ஒரே அகலமாக, வளைவு மூடியதாக வரவேண்டியிருந்தது. அந்தக் கையோடுதான் லாடா வண்ணத்துக்கு வந்தார். ‘குழந்தைத்தனமான ஓவியர்’ என்று அவரை ஒதுக்குபவர்கள் இந்தத் தொழில் கணக்கைப் பார்ப்பதில்லை.

அவர் பாணியில் வரைய முயன்றேன். வண்ணம் திட்டுத்திட்டாக வருகிறது, கறுப்புக் கோடு கலங்குகிறது. என்ன தவறு?
(ஓவிய ஆசிரியை, மதுரை)

லாடா அதிகம் பயன்படுத்தியது கௌவாஷ் என்னும், அடியில் உள்ளதை மறைக்கும் நீர் வண்ணம். நம் கடைகளில் கிடைக்கும் போஸ்டர் கலரே பயிற்சிக்குப் போதும். தாள் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடிமன் இருக்கட்டும்; மெல்லியதென்றால் சுருங்கும்.

திட்டு விழுவதற்குக் காரணம், பாதியில் வண்ணம் தீர்ந்து மறுபடி கலப்பது. இரண்டாவது கலவை முதலாவதோடு ஒத்துப்போகவே போகாது. ஒரு வானத்துக்கு வேண்டியதைவிடக் கூடுதலாக ஒரே கிண்ணத்தில், கெட்டி மோர் பதத்தில் கலந்துகொள்ளுங்கள். காய்ந்தபின் வெளிர் நிறம் சற்றுக் கருக்கும், அடர் நிறம் வெளிறும். எனவே துண்டுத் தாளில் பூசிக் காயவைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஈரம் காயுமுன் அதே இடத்தில் மறுபடி தூரிகையை வைக்காதீர்கள். அடிப்பூச்சு கரைந்து மேலே வரும்.

கோடு கலங்குவது, மையில் முதலில் கோடு போட்டுவிட்டு மேலே வண்ணம் பூசுவதால். பென்சிலில் வரைந்து, வண்ணம் நிரப்பி, முழுக்கக் காய்ந்தபின் 2ஆம் எண் உருண்டைத் தூரிகையால் கறுப்பை இழுங்கள். நீரில் கரையாத மை நல்லது. வண்ணம் தடித்திருந்தால் கோட்டோடு சேர்ந்து வெடிக்கும்.

பனிக்குச் சுத்த வெள்ளை வேண்டாம். துளி நீலம் சேருங்கள். வானத்தைப் பனியைவிட ஒரு படி அடர்த்தியாக வைத்தால்தான் கூரைகள் எழும்பித் தெரியும். நிழல் போடும் ஆசையை அடக்குங்கள். தூரத்தில் இருப்பவரைச் சிறிதாக்கி மேலே வையுங்கள், போதும்.

லாடா படங்களில் மரத்தில் உட்கார்ந்து புகைக்கும் பச்சை ஆள் யார்?
(மாணவர், கோவை)

செக் நாட்டுக் குளத்துப் பூதம். ‘வோத்னிக்’ அல்லது ‘ஹஸ்தர்மான்’ என்பார்கள். கோட்டு வாலிலிருந்து எப்போதும் தண்ணீர் சொட்டும். மூழ்கியவர்களின் ஆன்மாவை மூடிபோட்ட குவளைகளில் அடைத்து வைத்திருக்கும் என்பது நம்பிக்கை. லாடா அதை நிலவொளியில் சுங்கானோடு உட்காரவைத்துச் சாதுவாக்கிவிட்டார். ஈட்டியும் கொம்பும் ஏந்திய இரவுக் காவலாளி, சத்திரச் சண்டை, பன்றி அறுக்கும் நாள் இவையும் திரும்பத் திரும்ப வரும். ஹ்ருசிட்சே தேவாலயத்தையும் பல படங்களில் காணலாம்.

ஷ்வெய்க் சிப்பாயை வரைந்தவரும் இவர்தானே?
(வாசகர், யாழ்ப்பாணம்)

இவரேதான். ஷ்வெய்க், ஹாஷெக் எழுதிய செக் நகைச்சுவை நாவலின் நாயகன். 1921இல் முதல் அட்டை வந்தது: குண்டுகள் பறக்க, ஷ்வெய்க் சுங்கான் பற்றவைக்கிறான். இன்று உலகம் அறிந்த தொப்பை உருவம் 1924இல் நாளிதழ்த் தொடருக்காக வந்தது. ஹாஷெக் 1923 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.

லாடா படங்களை எங்கள் அச்சகக் காலண்டரில் போடலாமா?
(வாசகர், சிவகாசி)

இந்தியாவில் ஓவியர் இறந்த ஆண்டு முடிவிலிருந்து 60 ஆண்டு பதிப்புரிமை. லாடாவுக்கு 2017 இறுதியில் முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 70 ஆண்டு என்பதால் 2027 டிசம்பர் 31 வரை அங்கே ஏற்றுமதி செய்யாதீர்கள். அவர் மகள் அலெனா லாடோவாவும் ஓவியர்; 1992இல்தான் மறைந்தார். அவர் படங்களுக்கு இங்கேயும் உரிமை நடப்பில் உள்ளது. குடும்பப் பெயரை மட்டும் பார்த்து எடுத்துவிடாமல் முழுக் கையெழுத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.