துண்டு போட்டுப் பிடித்த நாற்காலி

கேள்வி: கரீபியன் கப்பல் பயணம் போகிறோம். நீச்சல் குளத்தருகே விடிந்ததுமே சாய்வு நாற்காலிகளில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிடுவார்களாமே? அந்தத் துண்டை எடுத்துவிடலாமா?

பதில்: நீங்களே எடுக்காதீர்கள். அடியிலிருக்கும் கண்ணாடியோ அறை அட்டையோ காணாமல் போனால் பழி உங்கள் மேல் விழும். ஒரு துண்டு, அதன்மேல் ஒரு ஜோடிச் செருப்பு, ஆள் மட்டும் இல்லை என்றால் குளத்தடி ஊழியரிடம் சொல்லுங்கள். பல நிறுவனங்களில் நேரம் குறித்த ஸ்டிக்கர் ஒட்டி, 30 அல்லது 40 நிமிடம் பார்த்துவிட்டுப் பொருட்களை அகற்றிவிடுவார்கள். காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே குழந்தையோடு நிற்பது எவ்வளவு அநியாயம்! தயங்காமல் கேளுங்கள். கரை தொடாத நாட்களில்தான் இந்தத் தொல்லை அதிகம். அன்று மேல்தளத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். துறைமுகத்தில் நிற்கும் நாளில் தாராளமாக இடம் கிடைக்கும். கப்பலில் உங்களுக்குக் கொடுத்த துண்டைத் திருப்பிக் கொடுக்க மறந்தால் பல கப்பல்களில் அறைக் கணக்கில் பணம் ஏறிவிடும்.