மூக்குல இருக்குற கரும்புள்ளி தேய்ச்சா போகுமா?

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயசு. ஊரு தன்லின், வேலை ரங்கூன்ல ஒரு டீக்கடையில, சமோசாவும், ஈச்சாக்வேன்ற நீளமான மாவுப் பலகாரமும் பொரிக்கிற அடுப்புல. மூக்கு, நெத்தி, தாடையெல்லாம் கரும்புள்ளி. தினம் ஸ்கிரப் போட்டு தேய்க்கிறேன், நகத்தால பிதுக்குறேன், திரும்பத் திரும்ப வருது. அம்மா தனக்கா மரப்பட்டைய அரச்சுப் பூசுன்றாங்க, கூட்டாளி ஒரு கிரீம் குடுத்து வெள்ளையாயிடுவேன்றான். தையில எனக்குக் கல்யாணம். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, மொதல்ல அந்த ஸ்கிரப்ப நிறுத்துங்க. நீங்க அழுக்குன்னு நெனச்சு தேய்க்கிறது அழுக்கே இல்ல. நம்ம தோல்ல முடி மொளைக்கிற குழிக்குள்ள எண்ணெய் சுரப்பி இருக்கு, அந்த எண்ணெயும் உள்ளருந்து உதிர்ற செத்த தோலும் ஒண்ணா சேந்து குழியோட வாய அடச்சிக்குது, வாய் தெறந்தே இருக்குறதால காத்து பட்டு மேல்பக்கம் கருத்துப் போகுது, தோலுக்கு நிறம் குடுக்குற மெலனினும் அதுல இருக்கு, அதான் கருப்பா தெரியுது. அதனால ஒரு நாளைக்கு எத்தன தடவ சோப்பு போட்டாலும் அது வெளுக்காது. தோல்தான் காஞ்சு எரியும். ஆம்பளைங்களுக்கு இது கூடுதலா வர்றதுக்கு காரணம் ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன் அந்த சுரப்பிய நல்லா வேலை வாங்கும். நீங்க சுத்தமா இல்லன்னு அர்த்தம் கிடையாது, அந்த வெக்கத்த விட்டுடுங்க.

உங்க விஷயத்துல அடுப்பும் சேந்துக்குது. கொதிக்கிற எண்ணெயோட ஆவி நாள்பூரா மூஞ்சில படியும், வேர்வ வேற. அதவிட எனக்கு கவலை தோள்ல போட்டிருக்குற துண்டு. காலைலருந்து கையத் தொடச்ச அதே எண்ணெத் துண்டுலதான் பொரிக்கிறவங்க பாதி பேர் மூஞ்சியும் தொடைக்கிறாங்க. மூஞ்சிக்குன்னு தனியா ஒரு சுத்தமான துண்டு வெச்சிக்கிட்டு ஒத்தி எடுங்க, வேலை முடிஞ்சதும் மெதுவான ஃபேஸ்வாஷ் போட்டு கழுவுங்க, ஒரு நாளைக்கு 2 தடவ போதும். தலைக்கு தேங்காண்ணெ வெக்கிற பழக்கம் இருந்தா நெத்திக்கு எறங்காம பாத்துக்குங்க, நெத்தில வர்றதுக்கு பல பேருக்கு அதுவே காரணம்.

இப்ப மருந்து. பார்மசில சாலிசிலிக் ஆசிட் 2 பர்சென்ட் போட்டது கேளுங்க. இது எண்ணெயில கரையும், அதனால குழிக்குள்ள போயி அடைப்ப இளக்கும், ஸ்கிரப்பால செய்ய முடியாத வேலை அது. மொதல்ல ஒருநாள் விட்டு ஒருநாள் ராத்திரில மட்டும், எரிச்சல் இல்லன்னா தினமும் போடலாம். ஆஸ்பிரின் மாத்திர ஒத்துக்காதவங்க இத தொட வேணாம். ஒரு ஆறு வாரம் பாத்தும் அசையலன்னா அடாபலின் 0.1 பர்சென்ட் ஜெல் இருக்கு, மூஞ்சி முழுசுக்கும் ஒரு பட்டாணி அளவு, ராத்திரில, கழுவி ஈரம் காஞ்சப்புறம். மொதல் சில வாரம் தோல் உரியும், புள்ளி கூடுன மாதிரி கூட தெரியும், பயந்து விட்டுடாதீங்க, பலன் முழுசா தெரிய 12 வாரம் ஆகும். ஆனா ரெண்டையும் ஒரே நேரத்துல ஆரம்பிக்காதீங்க, மூஞ்சி தாங்காது. எண்ணெய் சேராத மாய்ஸ்சரைசர் கொஞ்சம் தடவிக்குங்க, எண்ணெ மூஞ்சிக்கு எதுக்குன்னு கேக்காதீங்க, மருந்து போடுற தோலுக்கு அது வேணும். பகல்ல வெளிய போனா எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன்.

பிதுக்குறத மட்டும் கைய கட்டிக்கிட்டு விட்டுருங்க. நம்ம மாநிறத் தோல்ல ஒரு நகக்கீறல் பட்டாலும் கருந்தழும்பு விழுந்து மாசக்கணக்குல நிக்கும், கரும்புள்ளிய விட அதுதான் போட்டோல பளிச்சுன்னு தெரியும். இன்னொண்ணு, மூக்கு மேல ஒரே சைஸ்ல வரிசையா சாம்பல் நிறத்துல சின்னச் சின்ன புள்ளி இருந்தா அது கரும்புள்ளியே இல்ல, எண்ணெய் வெளிய வர்ற பாதை, எல்லார் மூக்குலயும் இருக்கு. பிதுக்குனாலும் மூக்குல ஒட்டி உரிக்கிற ஸ்டிரிப் போட்டு இழுத்தாலும் ஒரு மாசத்துக்குள்ள மறுபடி நெறஞ்சிடும். அத விட்டுருங்க.

அம்மா சொல்ற தனக்கா நல்லதுதான், கல்லுல புதுசா அரச்சு பூசுனா குளிர்ச்சியா இருக்கும், எண்ணெப்பசையும் கொறஞ்ச மாதிரி இருக்கும். ஆனா அடச்ச குழிய அது தொறக்காது. அம்மா மனசுக்காக பூசுங்க, ராத்திரி மருந்துக்கு முன்னாடி தண்ணில ஊற வெச்சு கழுவிடுங்க, காஞ்சத வரட்டு வரட்டுன்னு தேய்ச்சு எடுத்தா அதுவும் ஒரு ஸ்கிரப்தான்.

கூட்டாளி குடுத்த கிரீம போடவே போடாதீங்க தம்பி, கெஞ்சிக் கேக்குறேன். உள்ள என்ன இருக்குன்னு எழுதாத வெள்ளையாக்குற கிரீம் பலதுல ஸ்டீராய்டு இருக்கும், சிலதுல பாதரசமே இருக்கும். மொதல் வாரம் மூஞ்சி மினுக்கும், அப்புறம் தோல் மெலிஞ்சு செவந்து, இப்ப இல்லாத பருவெல்லாம் கெளம்பும். பாதரசம் கிட்னியக் கெடுக்கும். உங்க நிறத்துல ஒரு கொறையும் இல்ல.

இப்ப ஐப்பசி, தைக்கு ஏறக்குறைய மூணு மாசம் இருக்கு, அதனால இன்னைக்கே ஆரம்பிங்க, நடுவுல ஜெல்லுக்கு மாறுனா அதோட முழுப் பலன் கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரியும். நடுவுல வலிக்கிற பெரிய கட்டி, சீழ் வந்தா நாள் தள்ளாம தோல் டாக்டர்கிட்ட போங்க. கல்யாணத்துக்கு முந்தின ரெண்டு வாரம் மூஞ்சிக்கு புதுசா எதுவும் வேணாம், ஃபேஷியல் பண்ணிக்கன்னு யாரு இழுத்தாலும் போகாதீங்க, ஷேவிங் மட்டும் புது பிளேடுல, முடி வளர்ற பக்கமா.