நெல் திருவிழா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கே: பாரம்பரிய நெல் விதை வழங்கும் திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவுக்கு வருகிறேன். எந்த ரகம் வாங்கலாம்?

ப: மண் என்ன, தண்ணீர் எதுவரை, எந்தப் பட்டம், அதாவது விதைக்கும் பருவம்? ஒன்றையும் எழுதவில்லை, எனக்கு ஜோசியம் தெரியாது. குறுகிய காலக் குறுவைப் பட்டத்துக்கு என்றால் பூங்கார், மூன்று மாதத்தில் அறுக்கலாம். பெயர் அழகாக இருக்கிறதென்று காட்டுயானத்தை வாங்கிவிட்டு, ஆறு மாதப் பயிருக்குத் தண்ணீர் போதவில்லை என்று அடுத்த கடிதம் போடாதீர்கள்.

கே: விழாவில் தரும் இரண்டு கிலோ விதை எந்த மூலைக்குக் காணும்?

ப: ஒற்றை நாற்று நட்டால் ஓர் ஏக்கருக்கே காணும். கொத்துக் கொத்தாக நட்டால் ஏழெட்டு சென்ட்டோடு தீர்ந்துவிடும்.

கே: போன ஆண்டு வாங்கிய தூயமல்லி சரியாக விளையவில்லை. கடையில் நான்கு கிலோ வாங்கித் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

ப: கூடவே கூடாது. 2 கிலோ வாங்குகிறவர் மறு ஆண்டு 4 கிலோ தரவேண்டும் என்பது, 2006-ல் பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் இந்த விழாவைத் தொடங்கி வளர்த்த காலத்து ஏற்பாடு. எடையைச் சரிக்கட்டினால் கடன் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். நீங்கள் தரும் நான்கு கிலோ இன்னும் இரண்டு உழவர்களின் நாற்றங்காலுக்குப் போகிறது, ஐயா! இப்படித் திரும்பி வந்த ஒரு தூயமல்லிப் பையில் கைப்பிடி அள்ளி உமி நீக்கிப் பார்த்தேன். வெள்ளை அரிசிக்கு நடுவே நாலைந்து சிவப்பு. கொண்டுவந்தவரைக் கேட்டால், "அறுவடை இயந்திரம்தான் கலந்துவிட்டது" என்கிறார். முந்தைய வயல் நெல் அதன் வயிற்றில் மிச்சம் இருக்கும் என்பது தெரிந்ததுதானே? விதைக்கான பாத்தியைக் கையால் அறுங்கள். தூர் கட்டும்போதும் பூக்கும்போதும் முற்றும்போதும் வயலில் இறங்கிக் கலவன்களை, அதாவது வேறு ரகச் செடிகளை, பிடுங்குங்கள். களத்தைப் பெருக்கிய பிறகே கதிர் அடியுங்கள். பையின் உள்ளே ஒரு பெயர்ச்சீட்டு, வெளியே ஒன்று. விளையாவிட்டால் உள்ளதைச் சொல்லி, அடுத்த ஆண்டு கொடுங்கள்.

கே: காட்சிக்கு நெற்பயிரை எப்படிக் கொண்டுவருவது?

ப: விழா கோடையில், தை அறுவடையிலேயே எடுத்து வைத்திருக்க வேண்டும். வேரோடு பிடுங்கி, மண் அலசி, நிழலில் உலர்த்துங்கள். காட்டுயானம் என்றால் தாளை மடக்காதீர்கள். ஆளை மறைக்கும் அந்த உயரத்தைப் பார்க்கத்தான் கூட்டம் நிற்கும். பக்கத்தில் ஒரு தட்டில் நெல், இன்னொன்றில் அரிசி. பெயர்ச்சீட்டில் ரகம், வயது, பட்டம், ஊர்.

கே: நொச்சி இலை போட்டு வைத்த விதை கெடாதல்லவா?

ப: ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டினால் எந்த இலையும் காப்பாற்றாது. பெயர்ச்சீட்டு போட்டீர்களா?

கே: சொந்த விதையை அங்கே விற்கச் சட்டம் இடம் கொடுக்கிறதா?

ப: கொடுக்கிறது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டப்படி, பதிவு பெற்ற ரகத்தைக்கூட உழவர் விற்கலாம். பிராண்டு பெயர் இட்டு விற்கத்தான் தடை.

கே: எப்படி வருவது?

ப: திருவாரூரிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் பஸ்ஸில் ஒரு மணி நேரம். காலையிலேயே வாருங்கள், துணிப்பையோடு.