சென்னபட்டணா கடைசல் சாமான் விற்பனை: ஆர்டர் பிடிக்கும் முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். மைசூரு போகும் வழியிலுள்ள சென்னபட்டணாவில் மூன்று கடைசல்காரர்கள் மரச்செப்பு, சிமிழ், பொம்மைகள் செய்து தரத் தயார். கையில் இரண்டு லட்சம் ரூபாய் இருக்கிறது. இன்ஸ்டாகிராம் பக்கமும் திறந்தாயிற்று. அடுத்து என்ன?

பதில்: பக்கம் கொஞ்சம் காத்திருக்கட்டும். இந்தச் சாமானுக்கு வாங்க ஆள் கிடைப்பார்கள். சொன்ன தேதிக்குச் சரக்கு கொடுப்பதில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒருநாள் பட்டறையில் உட்கார்ந்து, ஒரே பொருளை ஒருவர் எத்தனை முடிக்கிறார் என்று பாருங்கள். 20 குங்குமச் சிமிழ் என்று வைத்துக்கொள்வோம். மூவர், மாதம் 24 நாள் என்றால் 1,440 வரும். அந்த எண்ணை யாரிடமும் சொல்லாதீர்கள். மின்வெட்டு, காய்ச்சல், வீட்டுக் கல்யாணம் எல்லாம் போக 900 வந்தால் நல்லது. யாருக்காவது பழைய வியாபாரியிடம் அட்வான்ஸ் பாக்கி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் சீசனில் அந்த வியாபாரியின் வேலைதான் முதலில் முடியும், உங்களுடையது நிற்கும்.

அடுத்தது மரம். அங்கே ஆலே மரம் என்பதுதான் நம் வெட்பாலை. வெட்டிய மரத்தின் ஈரம் வற்ற இரண்டு மூன்று மாதம் ஆகும். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உராய்வுச் சூட்டில் இளகிப் படியும்; தாழை மடலால் தேய்த்தால் மெருகேறும். ஈரம் போகாத மரத்திலும் அன்றைக்கு இதெல்லாம் அழகாகத்தான் இருக்கும். பிறகு மரம் சுருங்கி, அரக்கு பிளந்து உதிரும், சிமிழின் மூடி நிற்காது. கொலுவுக்கு மரச்செப்பு விற்க வேண்டுமானால் மரத்துக்கான பணத்தை வைகாசியிலேயே கொடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு வடிவத்துக்கும் இரண்டு மாதிரி செய்து, அடியில் இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கைக்கடைசலில் ஒரு மில்லிமீட்டர் கூடும் குறையும், அது குறையல்ல. மூடி, சக்கரம் போலப் பொருந்த வேண்டிய பாகங்களுக்கு மட்டும் ஒட்டுப்பலகையில் இரண்டு துளை போட்டுக் கொடுங்கள்: ஒன்றில் நுழைய வேண்டும், மற்றதில் நுழையக் கூடாது. வாய்ச்சண்டை பாதி குறையும். அளவை நீங்கள் தவறாகச் சொல்லியிருந்தால் கூலியை முழுசாகக் கொடுத்துவிடுங்கள்.

சாயம் நிற்கிறதா என்று ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். ஆகவே "சானிடைசரால் துடைக்காதீர்கள், தண்ணீரில் ஊறவைக்காதீர்கள்" என்று பெட்டியிலேயே அச்சடியுங்கள்.

விலைக்கு ஓர் உதாரணம். கூலி 80, மரம் 35, அரக்கும் சாயமும் 15, பெட்டி 20, கழிவும் வண்டிச் செலவும் 12. ஆக அடக்கம் 162 ரூபாய். இன்ஸ்டாகிராமில் 250-க்கு விற்றால் லாபம்போலத் தெரியும். நாளை இந்திராநகர்க் கடைக்காரர் 40 சதவீதம் கமிஷன் கேட்டால் கையில் வருவது 150, பொருளுக்குப் 12 ரூபாய் நஷ்டம். முதல் நாளிலிருந்தே 400 போடுங்கள், எல்லா இடத்திலும் அதே விலை. எம்.ஜி. ரோடு காவேரி எம்போரியத்தில் இதே மாதிரிச் சாமான் என்ன விலை என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

ஆர்டரோடு 40 சதவீதம் கொடுங்கள், மீதியைச் சரக்கை எண்ணி வாங்கும் அன்றே. உதயம் பதிவு (சிறுதொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பெற்ற கைவினைஞருக்குப் பணம் கொடுக்க, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள் என்கிறது சட்டம். பட்டறைக் குடும்பத்துக்கு 15 நாளே நீளம்தான்.

பொம்மை விஷயத்தில் நிதானம் தேவை. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டோர் விளையாடும் பொருளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். மத்திய கைவினைத் துறையில் பதிவான கைவினைஞர் தாமே செய்து விற்பதற்கும், புவிசார் குறியீட்டின் அங்கீகாரம் பெற்ற பயனாளருக்கும் விலக்கு உண்டு. அந்த விலக்கு உங்கள் பிராண்டுக்குத் தானாக வராது. எனவே முதல் ஆறு மாதம் சிமிழ், அலமாரிக் குமிழ், மெழுகுவர்த்தித் தாங்கி என்று போங்கள். பின்னால் பொம்மைக்கு வரும்போது, 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனைக் குழாய்க்குள் அடங்கிவிடும் பாகம் எதுவும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் பொம்மையில் இருக்கக் கூடாது.

இரண்டு லட்சத்தில் 90,000 மரத்துக்கும் முதல் சுற்றுக் கூலிக்கும், 30,000 பெட்டி, லேபிள், படம் எடுக்க. 20,000 கூரியருக்கும் உடைசலுக்கும். மீதி 60,000-ஐத் தொடாதீர்கள். கடைக்காரர் பணம் தள்ளிப்போகும் மாதத்தில் கூலி அதிலிருந்துதான் போக வேண்டும்.