க்ராஷ் ஆகும் வரியில் தப்பே இல்லை. சி புரோகிராமில் வேறு எங்கே தேடுவது?

அந்த வரியை விட்டுவிடுங்கள். நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரிண்ட் என்ற கருவியில் புரோகிராமை ஓட்டி, அது முதலில் சொல்லும் பிழையைப் பாருங்கள். நானும் இதே இடத்தில் மாட்டியிருக்கிறேன்.

மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு, லினக்ஸில் ஓடும் சீட்டுப் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். எடை, விலை, கமிஷன், விவசாயியின் ஊர். ஒரு மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு விடியற்காலையில் கடைக்காரரிடமிருந்து போன்: "தம்பி, திருப்பரங்குன்றத்துக்காரருக்குச் சீட்டுப் போட்டா சிஸ்டம் நின்னுபோகுதுப்பா. மல்லி வாடுது, வெரசா வா." ஜிடிபி என்ற டீபக்கர் காட்டியது, நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஒரு ஃப்ரீ வரியை. நாள் முழுக்கப் பார்த்தும் அதில் குற்றமே இல்லை.

வரி எண்கள் தெரிவதற்காக மைனஸ் ஜி கொடுத்து மறுபடி கம்பைல் செய்து, அன்றைய சீட்டுகளை வரிசையாக வால்கிரிண்டில் ஓட்டினேன். திருப்பரங்குன்றம் வருவதற்கு முன்பே, ஒருநாளும் க்ராஷ் ஆகாத உசிலம்பட்டியிலேயே பிடித்துவிட்டது. ஊர்ப் பெயருக்கு ஒதுக்கிய 32 பைட் நினைவகத் துண்டைத் தாண்டி எழுதும் வரி எது, அந்தத் துண்டை ஒதுக்கிய வரி எது என்று இரண்டையும் காட்டியது.

எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்; புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாமே தனிக் குறிகள் (‘சோ’வில் வரும் கொம்பும் காலும் மட்டும் சேர்ந்து ஒரே குறி). சோழவந்தானுக்கு 30 பைட், முடிவுக்குறிக்கு ஒன்று, ஆக 31: தப்பித்தது. உசிலம்பட்டி 34. ஆனால் 64 பிட் லினக்ஸில் நினைவகம் ஒதுக்கும் மாலாக்கிடம் 32 கேட்டால் 40 பைட் வரை இடம் கிடைக்கும். அதனால் சத்தம் வரவில்லை. திருப்பரங்குன்றம் 52. பக்கத்துத் துண்டின் அளவு குறித்து வைத்திருக்கும் இடத்தையே அது அழித்துவிட்டது. அந்தப் பக்கத்துத் துண்டை ஃப்ரீ செய்யும்போதுதான் வெடித்தது. வால்கிரிண்ட் தன் சொந்த மாலாக்கை வைத்து ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் வேலி போடுவதால், ஒரு பைட் தாண்டினாலே சொல்லிவிடும்.

புரோகிராம் 20, 30 மடங்கு மெதுவாக ஓடும்; பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் பிழையைத் திருத்தியதும் மறுபடி ஓட்டுங்கள், கீழே இருப்பவற்றில் பாதி அதனாலேயே வந்தவையாக இருக்கும். மதிப்பே கொடுக்காத மாறி என்று புலம்பினால் டிராக் ஒரிஜின்ஸ் தெரிவைச் சேருங்கள், அது பிறந்த இடத்தைக் காட்டும்.

ஒரு குறை உண்டு. ஃபங்ஷனுக்குள் அறிவிக்கும் சாதாரண அரேக்களின் எல்லையை வால்கிரிண்ட் பார்ப்பதில்லை. உங்களுடையது அப்படிப்பட்ட அரே என்றால் ஜிசிசி கம்பைலரிலேயே இருக்கும் அட்ரஸ் சானிடைசரைப் போட்டு கம்பைல் செய்யுங்கள். அது பிடிக்கும், வேகமும் அவ்வளவாகக் குறையாது.