கன்னப் புற்றுநோய் திரும்ப வந்தால் இன்னொரு கீமோ பலன் தருமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. கன்னத்தின் உட்பக்கம் புற்றுநோய். ஆபரேஷன் செய்து, சிஸ்பிளாட்டின் ஊசியோடு கரண்டும் வைத்தார்கள். நாலே மாதத்தில் கழுத்தில் மறுபடி கட்டி. வேறு கீமோ போடலாம் என்கிறார்கள். குணமாகுமா? எத்தனை மாதம் தாங்கும்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கழுத்துக் கட்டியை மறுபடி ஆபரேஷனில் எடுக்க முடியுமா என்று தலை, கழுத்துப் புற்றுநோய் அறுவை நிபுணர் பார்த்துவிட்டாரா? குணமாகும் வாய்ப்பு மிச்சம் இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். முடியாது என்று அவர் சொல்லிவிட்டால், இனிப் போடும் கீமோ நோயை முழுக்கப் போக்காது. வலியையும் வீக்கத்தையும் குறைக்கலாம், கொஞ்ச காலம் கூட்டலாம், அவ்வளவுதான்.

சிஸ்பிளாட்டின் முடிந்து ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பினால், அந்த மருந்துக்கு அது அடங்கவில்லை என்று கணக்கு. இப்படிப்பட்டவர்களை வைத்துச் செய்த 'செக்மேட் 141' ஆய்வு 2016-இல் வெளிவந்தது. டோசிடாக்சல், மெத்தோட்ரெக்சேட், செடுக்சிமாப் என்ற வழக்கமான மருந்துகளில் ஒன்றைப் பெற்றவர்களில் கட்டி நன்றாகச் சுருங்கியது 100-க்கு சுமார் 6 பேருக்குத்தான். பாதிப் பேர் 5.1 மாதம் தாண்டினார்கள். நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி ஊசி (உடலின் எதிர்ப்பு சக்தியே புற்றுநோயைத் தாக்க உதவும் மருந்து) பெற்றவர்களுக்கு அது 7.5 மாதம். ஒரு வருடம் தாண்டியவர்கள் நிவோலுமாபில் 100-க்கு 36, மற்றதில் 17. உங்கள் அப்பாவுக்கு இத்தனை மாதம் என்று இந்த எண்களை வைத்து யாரும் சொல்ல முடியாது. பாதிப் பேர் அதற்கு மேலும் இருந்தார்கள் அல்லவா?

நிவோலுமாபின் விலைதான் நம் ஊரில் சிக்கல். மும்பை டாடா மெமோரியல் மருத்துவர்கள் இதற்கு ஒரு வழி தேடினார்கள். மெத்தோட்ரெக்சேட், செலிகாக்சிப், எர்லோட்டினிப் மாத்திரைகளோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப். வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! அவர்கள் வெளியிட்ட முடிவில், ஒரு வருடம் தாண்டியவர்கள் மாத்திரை மட்டும் என்றால் 16 சதவீதம், ஊசியும் சேர்ந்தால் 43 சதவீதம். அதில் இருந்த எல்லாரும் உங்கள் அப்பா நிலையில் இருந்தவர்கள் அல்ல. இருந்தாலும், இது அவருக்குப் பொருந்துமா என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

அப்பா எழுந்து நடமாடுகிறாரா, எடை குறைந்துகொண்டே போகிறதா? மருந்தின் பெயரைவிட இது முக்கியம். பெரும்பாலும் படுக்கையிலேயே இருப்பவருக்குக் கீமோ போட்டால் கெடுதலே அதிகம்; அவருக்கு வலி நிவாரண சிகிச்சை மட்டும் போதும் என்பேன். விழுங்க முடியாவிட்டால் உணவு செலுத்தும் குழாய் வைக்கத் தயங்காதீர்கள். வலிக்கு மார்ஃபின் எழுதினால் பயப்படவும் வேண்டாம்.

மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எழுதினால் ஒரு எச்சரிக்கை: அது வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. கிழமையை மாத்திரை அட்டையின் மேலேயே எழுதி வையுங்கள். வாய்ப்புண்ணோ காய்ச்சலோ வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.